களைக்கொல்லி நஞ்சு: முதல் நாள் அமைதியை நம்ப வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

களைக்கொல்லி குடித்தவர்களைப் பற்றிய செய்திகளில், "ஆபத்துக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்" என்று முதல் நாளிலேயே எழுதப்படுவதை அடிக்கடி காண்கிறேன். தெளிவாகப் பேசுகிறார், நடக்கிறார் என்பதால் அவரை வீட்டுக்கு அழைத்துச் செல்ல முயலும் உறவினர்களிடம் மன்றாடிய மருத்துவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பாராகுவாட் என்னும் களைக்கொல்லி உடலுக்குள் சென்றதும் சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் உச்ச அளவை எட்டிவிடுகிறது. கல்லீரல் அதைப் பெரிதாக மாற்றுவதில்லை. சிறுநீரகங்களே அதைப் பெரும்பாலும் அப்படியே வெளியேற்றுகின்றன. ஆனால் அந்த வேலையைச் செய்யும்போதே அவையும் பழுதடைவதால், வெளியேற வேண்டிய நஞ்சு உடலிலேயே தங்குகிறது. நுரையீரலின் நிலை இன்னும் கொடியது. பாலிஅமைன் என்னும் இயற்கைப் பொருள்களை உள்ளிழுக்க அங்குள்ள உயிரணுக்களில் இருக்கும் வழியிலேயே, அவற்றை ஒத்த அமைப்புடைய பாராகுவாட்டும் நுழைந்து, இரத்தத்தில் அளவு குறைந்த பின்னும் நுரையீரலில் சேர்ந்துகொண்டே போகிறது. அங்கே ஆக்ஸிஜனுக்கு எலக்ட்ரானைக் கொடுப்பதும், மீண்டும் ஒன்றைப் பெறுவதுமாக ஓயாமல் சுழன்று திசுக்களைச் சிதைக்கிறது. ஆக்ஸிஜன் கூடினால் இந்தச் சிதைவும் கூடும். இதனால்தான், இரத்தத்தில் ஆக்ஸிஜன் மிகவும் குறைந்தாலொழிய, இந்த நோயாளிகளுக்கு நாங்கள் ஆக்ஸிஜன் கொடுக்கத் தயங்குகிறோம். அதை அலட்சியம் என்று உறவினர்கள் எண்ணிவிடக் கூடாது.

நெல் வயல்களுக்கான ‘புரோபனில்’ என்ற களைக்கொல்லி இதற்கு நேர்மாறானது. கல்லீரல் அதை உடைக்கும்போது உண்டாகும் டைகுளோரோஅனிலின் என்ற பொருளும் அதிலிருந்து பிறப்பவையுமே ஹீமோகுளோபினை ஆக்ஸிஜன் சுமக்க இயலாததாக்கி, இரத்தத்தைப் பழுப்பு நிறமாக்குகின்றன. இம்மாற்றத்துக்கு நேரம் பிடிப்பதால், நலமாகத் தோன்றியவர் பல மணி நேரம் கழித்தும் மயங்கலாம். மெத்திலீன் புளூ ஊசியால் பலரைக் காப்பாற்ற முடியும். அதற்கு அவர் மருத்துவமனையில் இருந்தாக வேண்டும். கிளைபோசேட் என்ற மற்றொரு களைக்கொல்லியை உடல் அதிகம் மாற்றாமலே சிறுநீரில் வெளியேற்றுகிறது என்றாலும், இலையில் பரவி ஒட்டுவதற்காக அதனுடன் கலக்கப்படும் நுரைப்பொருள்களே பெருந்தீங்கு செய்யக்கூடும். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறுபடுவதால், குடித்தது எது என்று சொல்லும் லேபிளோடு டப்பாவையும் கொண்டுவருவது எங்களுக்குப் பேருதவி. உப்புக் கரைசலோ சாணிக் கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தி மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் அதுவே உயிரைப் பறிக்கும்.

இலங்கை 2008 முதல் 2011 வரை பாராகுவாட்டைப் படிப்படியாகத் தடை செய்தது. அதையடுத்த ஆண்டுகளில் அங்கே பூச்சிமருந்துத் தற்கொலை இறப்புகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. விளைச்சல் அதனால் வீழ்ந்துவிடவில்லை. கேரளமும் 2011-இல் தடை விதித்தது. தமிழ்நாட்டிலும் நிரந்தரத் தடை வேண்டும் என்று தங்கள் இதழ் வலியுறுத்த வேண்டும். அதுவரை, இத்தகைய செய்தி ஒவ்வொன்றின் கீழும் 108 ஆம்புலன்ஸ் எண்ணையும், மனநல ஆலோசனைக்கான 14416 என்ற எண்ணையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவர்,
தஞ்சாவூர்.