ஓட்டுப் போட்ட ‘குழந்தை’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் நாள். பிறவியிலேயே 21ஆம் குரோமோசோம் (செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கும் இழை) இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால், கற்பதும் பேசுவதும் மெதுவாகும் நிலை இது. அதனால்தான் மூன்றாம் மாதம் 21ஆம் தேதி என்று வைத்தார்கள். மறுநாள் பத்திரிகைகளில் தவறாமல் ஒரு படம் வரும்: மேடை, ஜிகினா உடை, நடனம். கீழே ‘தெய்வக் குழந்தைகள்’ என்று ஒரு வரி. இந்த முறை அதை முதலில் பார்த்தது டவுன் சிண்ட்ரோம் உள்ள என் தங்கைதான். படத்தில் இருந்த ஒருவருக்கு நெற்றி ஏறி முடி கொட்டியிருந்தது. “இவரு குழந்தையாண்ணே?” என்று கேட்டாள். அவளுக்கே வயது 34.

பத்திரிகையை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வாக்காளர் அட்டைக்கு அவள் பெயரை நாங்கள் எழுதிக் கொடுத்தது அவளுக்கு முப்பது தாண்டிய பிறகுதான். “அவளுக்கு எதுக்குப்பா அதெல்லாம்” என்று அப்பா சொன்னார், நானும் தலையாட்டினேன். 2024 தேர்தலில் முதல் முறையாகக் கூட்டிப் போனேன். அலுவலர் அவளை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: “இவங்களுக்குப் போடத் தெரியுமா?” பூத் ஏஜென்ட் ஒருவர், மூளை வளர்ச்சி இல்லாதவர்கள் ஓட்டே போடக்கூடாது என்றார்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்தால்தான் பட்டியலில் பெயர் இருக்கக்கூடாது. டவுன் சிண்ட்ரோம் என்கிற மருத்துவச் சீட்டு அந்த அறிவிப்பு ஆகாது. மேலும், நம் தேர்தலில் சின்னம் வந்ததே எழுதப் படிக்கத் தெரியாதவர்களை மனதில் வைத்துத்தானே? அன்று கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிகளை நம்பிய நாடு, இன்று என் தங்கையை நம்பத் தயங்குகிறது. சரி, ஒருவழியாக உள்ளே விட்டார்கள். பீப் சத்தம் கேட்டது, வெளியே வந்தாள். யாருக்குப் போட்டாள் என்று இன்றுவரை வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. ரகசியமாம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க 2025 ஏப்ரலில் நம் சட்டப்பேரவை சட்டத்தைத் திருத்தியது. கிராம ஊராட்சிகளில் மட்டும் 12,913 பேர் என்று அறிவித்தார்கள். சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலோடும் தெருவில் உட்கார்ந்து போராடியவர்களுக்கு அதில் முதல் உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இத்தனை ஆயிரம் இடங்களில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவருக்கு ஓரிடம்கூடவா இருக்காது?

“அவங்களுக்கு என்ன தெரியும்?” என்பார்கள். ஸ்பெயினில் மார் கல்செரான் 18 வயதில் ஒரு கட்சியில் சேர்ந்தார். கால் நூற்றாண்டுக்கு மேல் கட்சியில் இருந்துவிட்டு, 2023இல் வலென்சியா மாகாணச் சட்டமன்றத்துக்குப் போனார். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். அதே ஸ்பெயினில் அறிவுசார் குறைபாடு என்று நீதிமன்ற உத்தரவால் ஓட்டுரிமை இழந்திருந்த சுமார் ஒரு லட்சம் பேருக்கு 2018இல்தான் சட்டம் திருத்தி அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். அங்கேயும் எல்லாம் நேற்று நடந்ததுதான்.

ஸ்பெயின் கிடக்கட்டும். எங்கள் தெருக்குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எந்த விளக்கு எத்தனை நாளாக எரியவில்லை என்று என் வீட்டில் சரியாகச் சொல்லக்கூடியவள் அவள்தான். ஊராட்சிக் கூட்டத்தில் வேறென்ன பேசுகிறார்கள்? தீர்மானத்தை நாலு எளிய வரியில் எழுதி முன்கூட்டியே கொடுத்தால், நிதானமாகப் படித்துக்கொண்டு வருவாள். அப்படிக் கொடுத்தால் மற்ற உறுப்பினர்களுக்கும் புரியும் என்பது வேறு விஷயம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மார்ச் 21க்கு நிருபரை அனுப்பும்போது, பக்கத்தில் நிற்கும் அம்மாவையோ அண்ணனையோ கேட்காமல், நேராக அவர்களிடமே கேட்கச் சொல்லுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். எங்கள் வீடு என்றால், முதலில் நிருபர் சாப்பிட்டாரா என்று அவள் விசாரித்து முடிக்க வேண்டும், அப்புறம்தான் பேட்டி.

இப்படிக்கு,
ஓர் அண்ணன்,
விருதுநகர் மாவட்டம்