பிளேட் கூட்டிப் போட ஏன் மறுக்கிறோம்: டிப்பர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பின் ஸ்பிரிங் என்பது ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய இரும்புப் பட்டைகள்; அவற்றைத்தான் பிளேட் என்கிறோம். "பக்கத்துக்கு இரண்டு பிளேட் கூட்டிப் போடுங்கோ, பாரம் தாங்கட்டும்" என்று கேட்டு வந்து, நாங்கள் மறுத்ததால் முகம் கறுத்துப் போனவர்கள் இந்த மாரிக்குள் மட்டும் நாலைந்து பேர். வேலைக்குப் பஞ்சிப்பட்டு மறுக்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

போன மாதம் ஒட்டுசுட்டான் பக்கமிருந்து பத்துச் சில்லு டிப்பர் ஒன்று வந்தது. பழைய வண்டியாக வாங்கியது. இடப்பக்கப் பின் ஸ்பிரிங்கில் மூன்றாவது பிளேட், நடுவில் சென்டர் போல்ட் போகும் துளையோடு முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் முக்கால்வாசி கறல். மிச்சம் மட்டும் பளிச்சென்று மினுங்கியது. அதாவது, வெடிப்பு விழுந்த பிறகும் நெடுநாள் மணல் ஏற்றியிருக்கிறார்கள். பிளேட்டில் பிழையில்லை, ஸ்பிரிங்கை அச்சோடு சேர்த்து இறுக்கும் யூ (U) வடிவ போல்ட் இளகியிருந்தது. பிளேட்டுகளை நெருக்கிப் பிடிப்பது யூ போல்ட்தான். சென்டர் போல்ட் அவை இடம் மாறாமல் இருக்க மட்டுமே. யூ போல்ட் இளகினால் வளைகிற வளைவெல்லாம் அந்தத் துளையில் வந்து சேரும்.

அதே ஸ்பிரிங்கில் இன்னொரு பிளேட்டை யாரோ வெல்டிங் பிடித்தும் வைத்திருந்தார்கள்! ஸ்பிரிங் இரும்பு சூடேற்றிப் பதப்படுத்தியது. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும். ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி முறியும்.

சரி, பிளேட் கூட்டினால் என்ன? ஸ்பிரிங் விறைக்கும். தடிப்பைக் கூட்டினால் இன்னும் மோசம்: 10 மில்லிமீற்றர் பிளேட்டை எடுத்துவிட்டு 12 போட்டால் விறைப்பு ஏறக்குறைய 1.7 மடங்கு. கிரவல் வீதிக் குழியில் விழுகிற அடியை ஸ்பிரிங் வாங்காமல் செசிக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) அச்சுக்கும் தள்ளிவிடும். அச்சும் பிரேக்கும் பழையவைதானே, அவற்றின் தாங்குசக்தி கூடப்போவதில்லை. பாரத்தையும் கொஞ்சம் பாருங்கள். ஒரு கியூப், அதாவது 100 கன அடி, உலர்ந்த மணல் நாலரைத் தொன் அளவில் வரும். நனைந்தால் ஐந்தரையைத் தொடும். மழைக்கு மறுநாள் ஏற்றுகிற மூன்று கியூப்பில் இரண்டு மூன்று தொன் சும்மா கூடிவிடுகிறது.

ஆகவே எங்கள் கராச்சில் வேலை இப்படித்தான் நடக்கும். ஒரு பக்கம் முறிந்தாலும் இரண்டு பக்கத்தையும் அந்த வண்டிக்குரிய அளவில் சோடியாகவே மாற்றுவோம். பெட்டியைத் தூக்கிக் கொட்டும்போது ஒரு பக்கம் பதிந்திருந்தால் வண்டி சரியும் என்பது டிரைவர்மாருக்குத் தெரியும். கழற்றிய யூ போல்ட்டைத் திரும்பப் போட மாட்டோம். ஒருமுறை இறுக்கி இழுபட்ட மரை மறுபடி அதே பிடி தராது. அச்சைச் செசியோடு பிடித்து வைக்கும் டோர்க் ரொட் தண்டுகளின் புஷ்களையும் அப்போதே பார்ப்போம். பில் கூடுவது இதனால்தான். 500 கிலோமீற்றர் ஓடியதும் ஒருமுறை கொண்டுவாருங்கள், யூ போல்ட்டைத் திரும்ப இறுக்கித் தருவோம். அதற்குக் காசு இல்லை.

ஏ9 வீதியால் போகிறவர்கள் எப்படியும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்துவீர்கள். தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கின பிறகு பின் சில்லுப் பக்கம் குனிந்து பாருங்கள். யூ போல்ட் நட்டைச் சுற்றிச் செம்மண் போலக் கறல் தூள் வடிந்திருந்தாலோ, பிளேட் ஓரம் உரசி மினுங்கினாலோ அது இளகிவிட்டது. அடுத்த லோட்டுக்குப் போகாமல் எங்களிடம் வாருங்கள். பெட்டி வெறுமையாகவும், அடியிலுள்ள சேறு கழுவியும் இருந்தால் எங்கள் பெடியளுக்குப் பெரிய உதவி.

இப்படிக்கு,
உங்கள் கராச்காரர்