வளைகாப்புக்கு முன் ஒரு திருத்தம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், "கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துக் கொடுத்தால் மரபணு சிதையும், அது தலைமுறைக்கும் தொடரும்" என்று ஒரு வரி வந்தது. என் சம்பந்தியம்மா அதைக் கத்தரித்து, ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகளிடம் காட்டி, "உங்கம்மாவுக்கு ரெண்டும் குடுத்தாங்கல்ல?" என்று கேட்டிருக்கிறார். மகள் போனில் அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கும் எல்லாம் கேட்டது.

மனைவிக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்தது 2014-இல். மகள் பிறந்தது 1994-இல். இருபது வருஷம் முன்பே பிறந்துவிட்ட பிள்ளைக்கு அந்தச் சேதம் எந்த வழியாகப் போகும்?

திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து வாரம், 25 நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ ஊசி. கதிர் வைக்கும் இடத்தைக் காட்ட வயிற்றில் மையால் போட்ட கோடு அழியக் கூடாதென்று, ஈரத்துணியால் கோட்டைச் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொள்வாள். சோறு வேகும் வாசனையே குமட்டியதால் மாடிப்படிக்குக் கீழே அடுப்பை வைத்துச் சமைத்தேன்.

இரண்டும் எதற்கு என்று கேட்டபோது டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். கதிர் மரபணு இழையை அறுக்கிறது. சிஸ்பிளாட்டின் அந்த இழையில் முடிச்சுப் போட்டு, புற்றுசெல் தன்னைச் சரிசெய்துகொள்ள விடாமல் செய்கிறது. அந்தச் சேதம்தான் ஐயா சிகிச்சையே. 1999-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் இந்நோய்க்கு இரண்டையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது அதனால்தான்.

நல்ல செல்களுக்கும் அடி படும், இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் காலத்தில் ஹாட்ஜ்கின் நோய் என்ற நிணநீர்ப் புற்றுக்கு இரண்டும் வாங்கியவர்களில் சிலருக்குப் பல வருஷம் கழித்து ரத்தப் புற்று வந்தது. மனைவியை இன்றும் செக்கப்புக்குக் கூட்டிப்போகிறேன். ஆனால் அது அவரவர் உடம்போடு நிற்பது. ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களின் பிள்ளைகளைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தும் பரம்பரைக் கோளாறு கூடியதாகத் தெரியவில்லை. இது உங்களுக்குத் தெரியாததா?

அப்போது மாடி வீட்டுக்காரர்கள், "கரண்ட் வச்சுட்டு வர்றாங்க" என்று பிள்ளைகளை எங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. மெஷினை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும், உடம்பில் தங்காது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அதே வருஷம் உங்கள் பத்திரிகையில், முள்சீத்தாப் பழம் கீமோவைவிட மேல் என்று ஒரு துணுக்கு வந்தது. வார்டில் மனைவியோடு பழகிய ஒரு பெண் அதை மடித்துப் பர்ஸில் வைத்திருந்தார். நாலாவது ஊசிக்கு அவர் வரவில்லை. அப்புறம் அவரை நாங்கள் பார்க்கவே இல்லை. அன்றைக்கும் உங்களுக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. ஆனாலும் பத்திரிகையை நிறுத்தவில்லை, முப்பது வருஷப் பழக்கம்.

வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்று. "நான் வரலை, நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்கிறாள் மனைவி. வரும் ஞாயிறே, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். நாலு வரி போதும். கத்தரித்து எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்கு நானே போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர் (பெயர் வெளியிட வேண்டாம்),
பெரம்பூர், சென்னை-11