குவிண்டாலுக்கும் ஐந்துக்கும் தொடர்பில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நெல் கொள்முதல் விலை பற்றி அண்மையில் தங்கள் நாளிதழில் வெளியான கேள்வி-பதில் பகுதியில், ‘குவிண்டால்’ என்பது ஐந்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததாக ஒரு விளக்கம் இருந்தது. ஒரு குவிண்டால் 100 கிலோகிராம் என்று அதே பத்தியில் சரியாக எழுதியவர், அந்த நூறுக்குள் ஐந்து எப்படி நுழைந்தது என்பதைச் சொல்லவில்லை. நுழையவே இல்லை என்பதால் சொல்லவும் வழியில்லை.

‘நூறு கொண்டது’ எனப் பொருள்படும் ‘கென்டெனாரியுஸ்’ என்ற லத்தீன் சொல்லே இதன் வேர். அது கிரேக்கத்தின் வழியே கிழக்கே போய், அரபியில் ‘கின்தார்’ என்று உருமாறி, பிறகு வணிகத்தோடு ஐரோப்பாவுக்கே திரும்பிப் பிரெஞ்சு முதலான மொழிகளில் இன்றைய வடிவத்தைப் பெற்றது. ஐந்தை நினைவூட்டும் ஒலி இந்தச் சுற்றில் தற்செயலாக ஒட்டிக்கொண்டதுதான். நம் பிள்ளைகள் கணக்கில் வாங்கும் ‘சென்டம்’ இதற்கு நெருங்கிய உறவு.

எதில் நூறு என்பதுதான் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறியது. மெட்ரிக் முறைக்கு முன் பாரிசில் குவிண்டால் என்றால் அவ்வூர்ப் பவுண்டில் நூறு, அதாவது ஏறக்குறைய 49 கிலோ. மெட்ரிக் முறை வந்தபின் அதே பெயரை 100 கிலோவுக்கு வைத்துக்கொண்டதால், பெயர் மாறாமலே எடை இரட்டிப்பாயிற்று. இலங்கைத் தமிழர் வழங்கும் ‘அந்தர்’ என்ற எடையளவு இதைவிட வேடிக்கை: ஆங்கிலத்து நூறிலிருந்து வந்த சொல், தராசில் வைத்தால் 112 பவுண்டு.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவைகள் இங்கே வந்து இத்தனை காலமாகியும், குவிண்டால் சென்னைவாசிக்குச் செய்தித்தாளில் மட்டுமே அறிமுகம். எங்கள் தெரு அரிசிக் கடையில் இருப்பது 26 கிலோ மூட்டை (25 கிலோ வரையிலான பைகளுக்கு ஜி.எஸ்.டி. வந்ததன் புண்ணியம்), கொள்முதல் நிலையத்தில் உழவர் எண்ணுவது 40 கிலோ சிப்பம். ஆகவே, 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த 2,369 ரூபாயைக் குவிண்டால் கணக்கில் அச்சிடும்போது, கிலோவுக்கு 23 ரூபாய் 69 காசு, சிப்பத்துக்கு 947 ரூபாய் 60 காசு என்பதையும் பக்கத்திலேயே தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
மயிலாப்பூர், சென்னை.