கரண்ட் வந்த பிறகும் ஓடாத ரிட்டர்ன் பம்ப்: பணத்தை திருப்பி கேட்டு புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை பிரிவு

வணக்கம் சார் / மேடம்,

உங்க கம்பெனியோட டிசி ரிட்டர்ன் பம்ப் (மீன் டேங்க்ல இருந்து கீழ இறங்கற தண்ணிய திரும்ப மேல ஏத்தற பம்ப்) ஒண்ணு நாலு மாசத்துக்கு முன்னாடி வாங்கினேன். இதுவரைக்கும் சர்வீஸ் டீமுக்கு மூணு மெயில் போட்டாச்சு, பம்ப் ஓடாம நின்னதுக்கு மூணுலயும் ஒரே பதில்தான் வந்துச்சு, கால்சியம் படிஞ்சிருக்கு, பராமரிப்பு சரியில்ல, அதனால வாரன்டில வராதுன்னு. அந்த பதிலை என்னால ஏத்துக்க முடியல. கடிதம் கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், தயவுசெஞ்சு முழுசா படிங்க, ஏன்னா நான் கேட்ட முக்கியமான கேள்விக்கு இன்னும் யாருமே பதில் சொல்லல. கரண்ட் போயி திரும்ப வந்தா உங்க பம்ப் தானா ஓடணுமா, ஓட வேண்டாமா?

என்னோடது 300 லிட்டர் ரீஃப் டேங்க், அதாவது கோரல் (பவளம்) வளக்கற கடல் தண்ணி தொட்டி, கீழ கேபினட்டுக்குள்ள 80 லிட்டர் சம்ப், மேல இருந்து தண்ணி இறங்கி சேர்ற தொட்டி. ஆறு வருஷமா ஓடுது. உள்ள ஹாமர், டார்ச், மூணு சின்ன அக்ரோபோரான்னு கோரல்கள், ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு க்ளீனர் இறால் இருக்கு. டேங்க் ஹால்ல இருக்கு, எங்க அம்மா படுக்கறதும் அதே ஹால்லதான். பழைய ஏசி பம்ப் உழைப்புல குறையே இல்ல, ஆனா ராத்திரி எல்லா சத்தமும் அடங்கின பிறகு கேபினட்டுக்குள்ள இருந்து ம்ம்ம்னு ஒரு ரீங்காரம் வந்துகிட்டே இருக்கும். அம்மா ஒரு நாளும் குறை சொன்னதில்ல. ஒரு நாள் ரெண்டு மணிக்கு தண்ணி குடிக்க வந்தப்ப அவங்க தூக்கம் வராம எந்திரிச்சு உக்காந்திருந்தத பாத்தேன், அன்னிக்கே பம்ப் மாத்தணும்னு முடிவு பண்ணிட்டேன்.

அவசரப்பட்டு வாங்கல. மூணு வாரம் படிச்சேன், விசாரிச்சேன். ஏசி பம்ப்ல கரண்டோட அலைக்கு ஏத்த மாதிரி காந்தம் அதிரும், ரப்பர் வச்சாலும் ஸ்பாஞ்ச் வச்சாலும் அந்த ரீங்காரம் கொஞ்சம்தான் குறையும். டிசி பம்ப்ல ஸ்பீட குறைக்கலாம். அதனால ரீஃப் டேங்க் வச்சிருக்கறவங்க நிறைய பேர் பண்ற மாதிரி, தேவைக்கு மேல ஒரு சைஸ் பெருசா வாங்கி பாதி ஸ்பீடுல ஓட்டலாம்னு நெனச்சேன், அப்படி ஓட்டினா சத்தமும் குறையும், சூடும் குறையும், பம்பும் நிறைய நாள் வரும். எனக்கு சம்ப்ல இருந்து மணிக்கு 2400 லிட்டர் மேல ஏறினா போதும், அது டேங்க் அளவுல எட்டு மடங்கு. மத்த நீரோட்டத்த டேங்க்குள்ள இருக்கற வேவ்மேக்கர் பாத்துக்கும். உங்க பெட்டியில மணிக்கு 6000 லிட்டர், அதிகபட்ச ஹெட் (தண்ணிய ஏத்தற உயரம்) 4.5 மீட்டர், 30 டெசிபல்னு போட்டிருந்துச்சு. அந்த மூணு நம்பரையும் நம்பித்தான் வாங்கினேன்.

6000ங்கறது தண்ணிய மேல ஏத்தாம, பைப்பே மாட்டாம ஓட்டறப்ப வர்ற அளவுன்னு எனக்கு தெரியும். உயரம் ஏற ஏற குறையும், பைப் வளையற ஒவ்வொரு எல்போவும் கொஞ்சம் தின்னும், பைப் குறுகலா இருந்தா இன்னும் குறையும். எனக்கு சம்ப் தண்ணி மட்டத்துல இருந்து டேங்க் விளிம்பு வரைக்கும் 1.4 மீட்டர், நடுவுல ரெண்டு எல்போ, பைப் உங்க பம்ப் வாயோட அதே அளவுதான். இதெல்லாம் கழிச்சாலும் 4000 பக்கத்துலயாவது வரும்னு கணக்கு போட்டேன். வரல. மேல ரிட்டர்ன் வாயில ஒரு ஹோஸ் மாட்டி, அதே உயரத்துல 10 லிட்டர் பக்கெட்ட வச்சு, ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு அஞ்சு தடவை பாத்தேன். ஃபுல் ஸ்பீடுல பக்கெட் நிறைய 14 செகண்ட். அதாவது மணிக்கு 2570 லிட்டர். இதே பக்கெட், இதே ஹோஸ் வச்சு பழைய பம்ப பாத்தப்ப 15 செகண்ட், அந்த பம்ப் பெட்டியில போட்டிருந்தது வெறும் 4000.

இதுல பெருசா அடிபட்டது சத்தம்தான். பாதி ஸ்பீடுல ஓட்டலாம்னு வாங்கின பம்ப நூறுலயே வச்சாத்தான் எனக்கு வேண்டிய தண்ணி ஏறுது, நூறுல வச்சா கீச்சுன்னு ஒரு மெல்லிசான சத்தம் வருது, கொசு காதுகிட்ட வந்தா கேக்குமே அந்த மாதிரி. பழைய ரீங்காரத்துக்கு கூட காது பழகிடும், இதுக்கு பழகவே மாட்டேங்குது. அதிர்வு கண்ணாடில ஏறி கேபினட்ல எதிரொலிக்குதோன்னு நெனச்சு அடியில சிலிகான் மேட் போட்டேன், கெட்டி பைப்ப எடுத்துட்டு பம்ப் வாயில ஒரு அடி நீளத்துக்கு சாஃப்ட் சிலிகான் ட்யூப் மாட்டினேன், கேபினட் சுவத்துல முட்டுதான்னு தள்ளி வச்சு பாத்தேன். கடைசில பம்ப எதுலயும் படாம தண்ணிக்குள்ளயே கையில தூக்கி பிடிச்சேன். சத்தம் அப்படியே இருந்துச்சு. அப்ப அது மோட்டார்ல இருந்து வர்றது, என் கேபினட்ல இருந்து இல்ல. 30 டெசிபல்னு போட்டிருக்கீங்களே, எத்தன அடி தள்ளி நின்னு, எந்த ஸ்பீடுல, கேபினட் கதவு திறந்தா மூடியான்னு ஒரு வரி கூட பெட்டியிலயும் இல்ல, மேனுவல்லயும் இல்ல. ஃபுல் ஸ்பீடுல வைக்காதீங்கன்னு உங்க சர்வீஸ்ல இருந்து பதில் வந்துச்சு. அப்ப 6000ன்னு பெட்டியில எதுக்கு போடணும்?

சத்தத்த கூட பொறுத்திருப்பேன். அடுத்து நடந்தத பொறுக்க முடியாது.

மூணாவது மாசம் ஒரு நாள் ராத்திரி பன்னெண்டரைக்கு கரண்ட் போச்சு, இருபது நிமிஷத்துல வந்துடுச்சு. நாங்க தூக்கத்துல இருந்தோம். வேவ்மேக்கர் தானா ஓட ஆரம்பிச்சுடுச்சு, அழுக்க நுரையா பிரிச்செடுக்கற ஸ்கிம்மர் ஓடுச்சு, ஹீட்டர் ஓடுச்சு, உங்க பம்ப் மட்டும் ஓடல. காலையில ஆறு மணிக்கு அம்மாதான் முதல்ல பாத்தாங்க, தண்ணி விழற சத்தமே இல்லையேன்னு என்ன எழுப்பினாங்க. ஓடி வந்து பாத்தா பம்ப இயக்கற கன்ட்ரோலர்ல சிவப்பு லைட் மின்னிட்டு இருக்கு. மேல இருந்து இறங்கின தண்ணியால சம்ப் மட்டம் ஏறி, ஸ்கிம்மர் கப் பொங்கி, அதுவரைக்கும் சேத்து வச்ச அழுக்கு முழுக்க சம்ப்லயே கொட்டியிருக்கு. ஹீட்டர் சம்ப்ல இருக்கறதால சம்ப் 26 டிகிரி காட்டுது, மேல மீனும் கோரலும் இருக்கற டேங்க் 22.5க்கு இறங்கியிருக்கு. ஹாமர் முழுசா உள்ள சுருங்கி எலும்புக்கூடு மட்டும் தெரியுது. க்ளவுன் ரெண்டும் மேல வந்து வேகமா மூச்சு வாங்கிட்டு நிக்குது. வேவ்மேக்கர் மேற்பரப்ப கலக்கிட்டு இருந்ததால மட்டும்தான் அன்னிக்கு மீன் பிழைச்சுது. மூணு நாள் கழிச்சு ஒரு அக்ரோபோரா அடியில இருந்து சதை உரிய ஆரம்பிச்சுது, ஒரே வாரத்துல வெள்ளையாயிடுச்சு. அந்த கோரலுக்கு அந்த ராத்திரி ஒண்ணுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா ரெண்டு வருஷமா கட்டைவிரல் அளவுல இருந்து உள்ளங்கை அளவுக்கு வளத்தது அது.

கோரல் நகராது. சாப்பாடும் ஆக்சிஜனும் தண்ணிதான் அதுகிட்ட கொண்டு வரணும், கழிவையும் தண்ணிதான் அடிச்சிட்டு போகணும். ஓட்டம் நின்னா அதுக்கு மூச்சு நின்ன மாதிரி. மிக்சியோ ஃபேனோ நின்னா காலையில பாத்துக்கலாம், இத அப்படி பாத்துக்க முடியாது. வீட்ல ஆள் இல்லாத ரெண்டு நாள்ல இது நடந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா எனக்கு இப்பவும் படபடப்பா இருக்கு.

அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து சோதிச்சேன். ப்ளக்க புடுங்கி அஞ்சு செகண்ட்ல திரும்ப போட்டா ஒவ்வொரு தடவையும் ஓடுது. பத்து நிமிஷம் விட்டு போட்டா பத்துல நாலு தடவை ஓடல. பக்கத்துல உக்காந்து கவனிச்சப்ப புரிஞ்சுது, கன்ட்ரோலர் மெதுவா சுத்த வைக்க பாக்குது, பம்ப்புக்குள்ள சுத்தற காந்த பாகமான ரோட்டர் ஒரு துள்ளு துள்ளி நிக்குது, மூணு தடவை முயற்சி பண்ணிட்டு சிவப்பு லைட்ட போட்டு அதோட விட்டுடுது. ஒரு மனுஷன் வந்து பட்டன அமுக்கற வரைக்கும் அப்படியே கிடக்கும். என் பழைய ஏசி பம்ப் மாட்டிக்கிட்டா கூட கடகடன்னு ஆடி ஆடி எப்படியாவது கிளம்பிடும். பம்ப காப்பாத்த மூணு தடவையோட நிறுத்தறீங்கன்னு புரியுது, ஆனா ரெண்டு நிமிஷம் விட்டு திரும்ப முயற்சி பண்ற மாதிரி வைக்கலாமே, உள்ள உயிர் இருக்கு சார்.

கால்சியம் விஷயத்துக்கு வர்றேன். ரீஃப் டேங்க்ல கால்சியம் 400ல இருந்து 450 பிபிஎம் வரைக்கும் நாங்க வேணும்னேதான் வச்சிருக்கோம், கோரல் எலும்பு கட்டறதே அதுலதான், கடல் தண்ணியிலயும் ஏறக்குறைய அதே அளவுதான் இருக்கு. தண்ணி சூடாக சூடாக கால்சியம் கார்பனேட் கரையறது குறையும், அதனால டேங்க்லயே சூடான இடமான மோட்டார் பக்கம் போயி படியும். கெட்டிலுக்குள்ள வெள்ளையா படியற மாதிரிதான் இதுவும். கடல் தண்ணிக்கும் ரீஃப் டேங்க்குக்கும் ஏத்ததுன்னு பெட்டியில பெருசா போட்டு விக்கற பம்ப், இது நடக்கும்னு தெரிஞ்சுதானே செய்யணும்? அதுவும் போக என் பம்ப்ல படிஞ்சதே கம்மி. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வினிகர்ல கழுவணும்னு மேனுவல்ல இருக்கு, நான் ஆறாவது வாரமே ஒரு தடவை, பன்னெண்டாவது வாரம் ஒரு தடவை கழுவினேன், சிரமிக் ஷாஃப்ட்டும் தண்ணிய தள்ற இம்பெல்லரும் வழவழன்னு இருக்கற ஃபோட்டோ தேதியோட மெயில்ல அனுப்பியிருக்கேன். ஓடாம நின்ன ராத்திரி ரெண்டாவது தடவை கழுவி ஒன்பது நாள்தான் ஆகியிருந்துச்சு. அந்த ஃபோட்டோவ யாராவது திறந்து பாத்தீங்களா?

போன வாரம் பம்ப கடைசியா பிரிச்சப்ப இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு, இத இதுக்கு முன்னாடி நான் எழுதல. ரோட்டர் மேல இருக்கற பிளாஸ்டிக் உறையில தலைமுடி மாதிரி ஒரு விரிசல், அதுல ஊசிமுனை அளவுக்கு பழுப்பு நிறத்துல துரு. ரோட்டர் கொஞ்சம் உப்பியிருந்தா கூட சூடு ஆறினதும் மாட்டிக்கும், கரண்ட் போயி பத்து நிமிஷம் கழிச்சு ஓடாததுக்கு காரணம் இதுவா இருக்கலாம்னு தோணுது, உங்க இன்ஜினியர் பாத்து சொல்லணும். ஆனா ஓடறது ஓடாதது ஒரு பக்கம், எனக்கு பெரிய பயம் வேற. பழைய ஏசி பம்ப்ல இருக்கற ஃபெரைட் காந்தம் துருப்பிடிக்காது. டிசி பம்ப் பலதுல வர்ற நியோடிமியம் காந்தம் உப்புத்தண்ணி பட்டா துருப்பிடிச்சு உப்பும், அது மேல பூசற முலாம்ல பெரும்பாலும் நிக்கலும் காப்பரும் இருக்கும். காப்பர் கொஞ்சம் கசிஞ்சாலே இறாலுக்கும் கோரலுக்கும் விஷம். அத பாத்த நிமிஷமே பம்ப வெளிய எடுத்துட்டேன், அன்னிக்கே நாலுல ஒரு பங்கு தண்ணிய மாத்தி, தண்ணிய சுத்தம் பண்ற கார்பன் புதுசா போட்டேன். க்ளீனர் இறால் இப்ப வரைக்கும் நல்லாருக்கு, தினமும் காலையிலயும் ராத்திரியும் அத தேடி பாத்துட்டுதான் மத்த வேலையே.

எனக்கு இன்னொரு பம்ப் மாத்தி குடுக்க வேண்டாம், கட்டின பணம் முழுசா திரும்ப வேணும், 24 மாச வாரன்டில நாலு மாசம்தான் ஆகுது. இந்த புகார கால்சியம்னு எழுதி மூடாம உற்பத்தி குறைன்னு பதிவு பண்ணி, பம்ப பிரிச்சு பாத்த ரிப்போர்ட்ட எனக்கு எழுத்துல அனுப்பணும். அடுத்து வாங்கறவங்களுக்காக பெட்டி மேலயே ஒவ்வொரு மீட்டர் உயரத்துலயும் எவ்வளவு தண்ணி வரும்ங்கற வரைபடத்த அச்சடிங்க, டெசிபல் போட்டா தூரத்தையும் ஸ்பீடையும் சேத்து போடுங்க, ரோட்டர தனியா ஸ்பேரா விக்க ஏற்பாடு பண்ணுங்க, இப்ப ரோட்டர் போனா முழு பம்பையும் தூக்கி போட வேண்டியிருக்கு. எல்லாத்துக்கும் முன்னாடி அந்த கன்ட்ரோலர சரி பண்ணுங்க. ஏற்கனவே இத வாங்கி வச்சிருக்கறவங்களுக்கு, பத்து நிமிஷம் ஆஃப் பண்ணி வச்சு திரும்ப ஓடுதான்னு ஒரு தடவை சோதிச்சு பாக்க சொல்லி இந்த வாரமே மெயில் அனுப்புங்க, அதுக்கு உங்களுக்கு எந்த செலவும் இல்ல, யாரோட டேங்க்காவது தப்பிக்கும்.

பம்ப், கன்ட்ரோலர், அடாப்டர், பில் காப்பி எல்லாத்தையும் அதே பெட்டியில போட்டு வச்சிருக்கேன். விரிசல் விட்ட ரோட்டர கழுவாம, துடைக்காம, பாத்த நிலையிலயே தனி கவர்ல போட்டு உள்ள வச்சிருக்கேன். ஆள் அனுப்பறதுக்கு முன்னாடி நாள் மட்டும் சொல்லுங்க. பழைய ஏசி பம்ப் திரும்ப சம்ப்ல ஓடிட்டு இருக்கு, ஹாமர் பாதி விரிஞ்சிருக்கு, அம்மாவ இப்போதைக்கு உள் ரூம்ல படுக்க வச்சிருக்கேன்.

உங்க பதிலுக்கு பத்து நாள் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்க வாடிக்கையாளர்