ஆளில்லாத தாஜ்மஹால் எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வார இதழின் நடுப்பக்கத்தில் வந்த தாஜ்மஹால் படக் கட்டுரையைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். முதல் படத்தில் வானம் முழுக்கச் செம்பருத்திப் பூ நிறம், குளத்தில் அலையே இல்லாத பிம்பம், பளிங்கு பால் மாதிரி வெள்ளை, எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஒரு மனிதர்கூடக் கிடையாது. இது கம்ப்யூட்டரில் ஆட்களை அழித்து, வானத்தை மாற்றி ஒட்டிய படம். அங்கே போய் நின்ற யாருக்கும் பார்த்ததும் தெரிந்துவிடும்.

இரண்டு வருடம் முன்பு டிசம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே உள்ளே விடுவார்கள் என்பதால் ஐந்தரை மணிக்கே கிழக்கு வாசல் வரிசைக்குப் போய்விட்டோம். எங்களுக்கு முன்னால் நூறு பேராவது இருந்திருப்பார்கள். செங்கல் நிறத்தில் நிற்கும் அந்தப் பெரிய நுழைவாயிலின் வளைவுக்குள் நின்றால் தாஜ்மஹால் சட்டம் போட்ட மாதிரி தெரியும் என்று படித்திருந்தேன், அன்றைக்குத் தெரிந்தது வெறும் மூடுபனி. எல்லாரும் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம், யாரும் திரும்பிப் போகவில்லை. ரொம்ப நேரம் கழித்து உச்சிக் கலசம் மட்டும் ஒரு கோடாகத் தெரிந்தது, அப்புறம் குவிமாடத்தின் தோள், அப்புறம் ஒரு மினார். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாள் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார், இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழிகூடக் கிடையாது. அப்போது பளிங்கின் நிறம் வெள்ளையும் இல்லை, சிவப்பும் இல்லை, ஆறிய பாலாடை மாதிரி ஒரு மங்கல். கேமராவைத் தானாக அளக்க விட்டால் அந்த நிறம் வராது, சாம்பலாகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தை, கொஞ்சம் கூட்டி வைத்து எடுக்க வேண்டும். இதைத்தான் உங்கள் கட்டுரை சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், வானத்துக்குச் சாயம் பூசுவதை அல்ல.

ஆளில்லாத தாஜ் படங்கள் பழைய காலத்தில் உண்டுதான். ஆக்ராவில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த ஜான் மர்ரே 1850களிலும் 60களிலும் பெரிய காகித நெகடிவில் எடுத்த படங்கள் இருக்கின்றன. அந்த முறையில் ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும், குறுக்கே நடந்து போகிறவர் படத்தில் பதியவே மாட்டார். அது அந்தக் கருவியின் எல்லை. இன்றைக்கு நாம் வேண்டுமென்றே அழிக்கிறோம், அந்த இடத்தை நேசித்து அவ்வளவு தூரம் வந்து நின்றவர்களைக் குப்பை மாதிரி துடைத்து எடுக்கிறோம்.

ஆட்களோடு சேர்ந்து இன்னொன்றும் மறைந்துபோகிறது. பின்பக்க மேடைக்குப் போய் யமுனையை எட்டிப் பார்த்தேன், கறுத்த தண்ணீர், கரையோரம் நுரை. அந்த அழுக்கில் பெருகும் பூச்சிகள் மாலையில் பறந்து வந்து சுவரில் உட்கார்ந்து பச்சைப் பச்சையாகக் கறை வைக்கின்றன. புகையும் தூசியும் சேர்ந்து மஞ்சளாக்கும் பளிங்குக்குத் தொல்லியல் துறையினர் முல்தானி மிட்டியைப் பூசி, காயவிட்டு, கழுவி எடுக்கிறார்கள். தாஜைக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் நிலக்கரி எரிக்கும் ஆலைகளை இயற்கை எரிவாயுவுக்கு மாறச் சொன்னது, மாற முடியாதவற்றை அந்தப் பகுதியை விட்டே போகச் சொன்னது. இவ்வளவு நடந்திருக்க, படத்தில் பளிங்கைச் சுத்தமாக வெளுத்துக் கொடுத்தால், பார்க்கிற வாசகர் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துவிட மாட்டாரா?

மூன்றாவது படத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உள்ளே கல்லறைகள் இருக்கும் கூடத்தில் படம் எடுக்கத் தடை உண்டு. நீங்கள் வெளியிட்டிருப்பது செல்போனை இடுப்புக்குக் கீழே மறைத்துப் பிடித்து எடுத்த மாதிரி இருக்கிறது. பதினான்காவது பிள்ளைப்பேற்றில் 1631இல் புர்ஹான்பூரில் இறந்துபோன ஒரு பெண்ணின் சமாதி அது. மும்தாஜின் நினைவுக் கல்லறை நட்டநடுவில் இருக்கிறது, 1666இல் இறந்த ஷாஜகானுடையது அதற்கு மேற்கே ஒட்டினாற்போல. உண்மையான கல்லறைகள் இதற்கும் கீழே, நிலவறையில். இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே கட்டிய அந்த இடத்தில் சமம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குலைவது இங்கேதான். காவலர் விசில் ஊதிக்கொண்டே இருக்கிறார், ஃபிளாஷ் வெட்டிக்கொண்டே இருக்கிறது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார், அந்த ஒரு நிமிடம்கூட அமைதி கிடைக்கவில்லை.

எடுப்பதற்கு வெளியிலேயே எவ்வளவோ இருக்கிறது. வாசல் சுவரில் ஷாஜகான் காலத்து எழுத்துக் கலைஞர் அமானத் கான் எழுதிய எழுத்துகள் மேலே போகப் போகப் பெரிதாகின்றன, கீழே இருந்து பார்க்கும்போது ஒரே அளவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. கிழக்கே விருந்தினர் மாளிகைக்கு முன்னால் தரையில் உச்சிக் கலசத்தின் உருவத்தைக் கறுப்புக் கல்லில் பதித்திருக்கிறார்கள், ஆயிரம் பேர் அதை மிதித்துக்கொண்டு போகிறார்கள். பூ வேலைப்பாட்டில் சூதுபவளம் என்ற செந்நிறக் கல்லில் செய்த ஒரு இதழின் மேல் வழிகாட்டி டார்ச்சை வைத்துக் காட்டினார், கனல் மாதிரி உள்ளிருந்து எரிந்தது. அந்த ஒரு இதழ் என் விரல் நகத்தைவிடச் சின்னது.

நான் அன்றைக்கு அறுநூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது அவற்றில் ஒன்று அல்ல. அங்கே அடையாள அட்டையோடு இருக்கும் உரிமம் பெற்ற புகைப்படக்காரர்களில் வயதான ஒருவர் எடுத்துக் கொடுத்த படம். செல்போன் வந்தபிறகு அவர்களைக் கூப்பிட ஆளில்லை. அம்மாவை இங்கிலாந்து இளவரசி டயானா உட்கார்ந்த பெஞ்சில் உட்காரவைத்து, முந்தானையை மடியில் சரியாக எடுத்துவிடச் சொல்லி, தாடையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி சைகையிலேயே காட்டினார், இரண்டே படம்தான் எடுத்தார். பின்னால் மஞ்சள் துப்பட்டா போட்ட ஒரு பெண் பாதி திரும்பியிருக்கிறாள், காலுறை நழுவிய ஒரு குழந்தை குனிந்திருக்கிறது, அதற்கும் பின்னால் பனியில் பாதி கரைந்த தாஜ். அம்மா போன வருடம் காலமானார். அந்த மஞ்சள் துப்பட்டாவை யாராவது அழித்துத் தருகிறேன் என்றால் நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். உள்ளே எடுத்த அந்தப் படத்துக்கு அடுத்த இதழில் வருத்தம் தெரிவியுங்கள், இணையப் பதிப்பிலிருந்தும் எடுத்துவிடுங்கள். இனி இப்படிப் படங்கள் போடும்போது எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது, கம்ப்யூட்டரில் என்ன மாற்றினார்கள் என்று கீழே ஒரு வரி சேருங்கள். அம்மாவின் படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், இடம் இருந்தால் வெளியிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்