மஞ்சள் கயிற்றோடு பூங்காவுக்கு வருகிறவர்களுக்கு

அன்புள்ள தம்பிமார்களுக்கு,

பிப்ரவரி 14 வந்தால் கையில் மஞ்சள் கயிற்றோடு பூங்கா, கடற்கரை என்று கிளம்பிவிடுகிறீர்கள். ஜோடியாக உட்கார்ந்திருப்பவர்களைச் சுற்றி நின்றுகொண்டு "கட்டுடா தாலியை" என்கிறீர்கள். நாய்களுக்கு மாலை போட்டுக் கல்யாணம் செய்துவைக்கிறீர்கள். காதலர் தினம் நம் மதத்துக்கும் பண்பாட்டுக்கும் ஆகாது என்கிறீர்கள். நான் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். முப்பது வருடமாகக் கழுத்தில் தாலியோடு இருப்பவள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிப்ரவரி 13 வாக்கில் மாசி பிறக்கிறது. ஆண்டாள் பாடிய நாச்சியார் திருமொழியை எடுத்து முதல் பதிகத்தைப் படியுங்கள். தை மாதம் முழுக்கத் தரையை விளக்கி மண்டலமிட்டு, மாசி முன்னாளில் நுண்மணல் கொண்டு தெருவை அழகுபடுத்தி, ஆண்டாள் யாரைத் தொழுகிறாள்? மன்மதனை. தன் மனசுக்குப் பிடித்தவனோடு சேர்த்துவை என்று அவனிடமே கேட்கிறாள். வேறொருவனுக்கு என்று பேச்சு எழுந்தாலே உயிர் வாழமாட்டேன் என்கிறாள். அது பக்தி, அவள் கேட்டது பெருமாளை என்பீர்கள். சரி, பக்திதான். ஆனால் அந்தப் பக்திக்கு அவள் எடுத்துக்கொண்ட மொழி காதலின் மொழி. நம் பெரியவர்கள் அதை மறைத்து வைக்கவில்லை, கோயிலில் பாட வைத்தார்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் இதே மாசியில் காமன் பண்டிகை. நான் சிறுமியாக இருந்தபோது தாத்தா தோளில் உட்கார்ந்து லாவணி என்கிற போட்டிப் பாட்டு கேட்டிருக்கிறேன். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று இன்னொரு கட்சி. டேப் என்கிற தோல்வாத்தியத்தைத் தட்டித் தட்டி விடிய விடியப் பாடுவார்கள். ரதி வேஷம் கட்டிய ஆள் புலம்ப ஆரம்பித்தால் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இப்போது பல ஊர்களில் அது நின்றே போய்விட்டது. பண்பாட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால், இதற்கு ஒரு பந்தல் போட்டுக் கொடுங்களேன்.

கடைக்காரர்கள் இந்த நாளை வைத்துப் பணம் பண்ணுகிறார்கள் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அட்சய திருதியைக்கு நகைக்கடை வாசலில் நிற்கும் கூட்டத்தை நீங்கள் விரட்டுவதில்லையே.

அப்புறம், அந்தத் தாலி. மிரட்டிச் சம்மதம் வாங்கிய கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்று 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டமே சொல்கிறது. சட்டத்தை விடுங்கள். நல்ல நாள் பார்த்து, தாம்பாளத்தில் வைத்துச் சபை முழுக்கக் கொண்டுபோய், ஒவ்வொருவரும் தொட்டுக் கும்பிட்ட பிறகு கட்டுகிற பொருள் அது. அதைச் சட்டைப்பையிலிருந்து உருவி ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே ஆட்டுவதை எந்தச் சாமி ஏற்றுக்கொள்ளும்?

சில வருடங்களுக்கு முன்னால், எங்கள் ஊர்ப் பூங்காவில், இதே நாளில் என் கண்ணால் பார்த்தேன். கல்லூரிப் பெண் ஒருத்தி, பக்கத்தில் ஒரு பையன், நடுவில் திறந்த டிபன் பாக்ஸ். ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் செல்போனை அவள் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, "அண்ணா, வீட்ல தெரிஞ்சா படிப்பை நிறுத்திடுவாங்கண்ணா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அண்ணா என்று கூப்பிட்டவளை அவர்கள் விடவில்லை. நான் குறுக்கே போய் நின்று கத்திய பிறகுதான் கலைந்தார்கள். அந்தப் பெண் படிப்பை முடித்தாளா, எனக்குத் தெரியாது. இன்றுவரை அந்தக் குரல் என்னை விடவில்லை.

அவர்கள் போன பிறகு மஞ்சள் கயிறு புல்லில் கிடந்தது, தயிர்சாதம் ஒட்டியிருந்தது. வாசலில் பூ விற்கிற அம்மா உள்ளே வந்து அதை எடுத்தார். குழாயில் கழுவி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிள்ளையார் பக்கத்து வேப்பமரக் கிளையில் கட்டிவிட்டுப் போனார்.

இப்படிக்கு,
உங்களுக்கு ஓர் அக்கா